தாயைப் போல பிள்ளையா? நல்ல முத்துக்கு எந்தச் சிப்பியைத் தாயாக எடுப்பது... தூத்துக்குடி கடல் சொல்லும் கணக்கு!

'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்று ஊரில் சொல்வோம். மாடு வாங்கப் போனால்கூட, "தாய் மாடு எத்தனை லிட்டர் கறந்துச்சு?" என்று கேட்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை.

ஆனால் இதே பழமொழி கடலுக்கு அடியில் இருக்கும் முத்துச்சிப்பிக்குப் பொருந்துமா? பெரிய சிப்பிக்குப் பிறக்கும் குஞ்சு பெரிய சிப்பியாக வளருமா? பளபளப்பான முத்து கொடுத்த சிப்பியின் வாரிசும் பளபளப்பான முத்தைத் தருமா?

கேட்பதற்குச் சாதாரணக் கேள்வி மாதிரி இருக்கலாம். ஆனால் தூத்துக்குடியில் முத்து மறுபடியும் ஒரு தொழிலாக எழுந்து நிற்க முடியுமா என்பது இந்தக் கேள்விக்கான பதிலில்தான் அடங்கி இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

முத்து நகரில் முத்து எங்கே போச்சு?

பாண்டியர் காலத்துக் கொற்கை முதல் இன்றைய தூத்துக்குடி வரை, மன்னார் வளைகுடாவின் இந்தக் கரைக்கு முத்துதான் அடையாளம். கடலுக்கு அடியில் சிப்பிகள் கூட்டமாக வாழும் பாறைத் திட்டுகளை இங்கே 'பார்' என்று சொல்வார்கள். தோலாயிரம் பார் போன்ற பெயர்கள் கடல் தொழிலாளர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. பரதவர் மக்கள் மூச்சை அடக்கி, கல்லைக் கட்டி இறங்கி, சிப்பி அள்ளி வந்த வரலாறு எல்லோரும் அறிந்ததுதான்.

பிரச்சனை என்னவென்றால், இயற்கையான முத்துச் சிலாபம் எப்போதுமே நம்ப முடியாத வருமானம். சில வருடம் பார் நிறைய சிப்பி இருக்கும். அடுத்து பல வருடம் ஒன்றுமே இருக்காது. 1955-ல் தொடங்கி சில ஆண்டுகள் தொடர்ந்து சிலாபம் நடந்தது. 1961-தான் கடைசி. அதன் பிறகு 60 ஆண்டுகளுக்கு மேலாகத் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. இன்று கடலில் குளிப்பவர்கள் பெரும்பாலும் சங்குக்காகத்தான் இறங்குகிறார்கள்.

அப்போ முத்தை வளர்க்க முடியாதா என்ற கேள்வி வந்தது. அதற்குப் பதில் சொன்னதும் இதே கரைதான்.

* 1972: மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள வேப்பலோடையில் முத்து வளர்ப்பு ஆராய்ச்சியைத் தொடங்கியது.
* 1973: விஞ்ஞானி கே.அழகர்சாமி தலைமையில் இந்தியாவின் முதல் உருண்டையான வளர்ப்பு முத்து கிடைத்தது.
* 1981: தூத்துக்குடி ஆய்வகத்தில் முத்துச்சிப்பியை முட்டையிட வைத்து, குஞ்சு பொரித்து, இளம் சிப்பியாக வளர்ப்பதில் வெற்றி.

இந்த மூன்றில் 1973-ஐத்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் நம்ம கேள்விக்கு முக்கியமானது 1981.

ஏன் 1981 முக்கியம்?

அதுவரை சிப்பி வேண்டுமென்றால் கடலில் இருந்துதான் எடுத்து வர வேண்டும். கடல் எதைக் கொடுக்கிறதோ அதுதான். அதன் அப்பா யார், அம்மா யார் என்று யாருக்கும் தெரியாது.

ஹேச்சரி வந்த பிறகு நிலைமை மாறியது. எந்தச் சிப்பியைத் தாயாக வைப்பது, எதைத் தந்தையாக வைப்பது என்று மனிதன் முடிவு செய்யலாம். ஒரு பெண் சிப்பி ஒரே தடவையில் லட்சக்கணக்கில் முட்டை விடும். மூன்று வாரத்துக்கும் மேல் நீந்தித் திரியும் நுண்குஞ்சுகள், அதன் பிறகு ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டு இளம் சிப்பியாகும். ஒரு வருடத்துக்குள் அதுவும் இனப்பெருக்கத்துக்குத் தயார்.

அதாவது, நெல்லிலும் பருத்தியிலும் மாட்டிலும் நடந்த 'ரகத் தேர்வு' வேலையை முத்துச்சிப்பியிலும் செய்ய வழி திறந்தது. தூத்துக்குடி ஹேச்சரியிலேயே நான்கு தலைமுறை வரை சிப்பிகளை வளர்த்து, வளர்ச்சியையும் ஓட்டின் அளவுகளையும் ஒப்பிட்ட ஆய்வு 1990களில் வெளியானது.

சரி, பெரிய சிப்பியாகப் பார்த்துத் தாயாக வைத்தால் வேலை முடிந்ததா? இல்லை. இங்கேதான் 'ஹெரிட்டபிலிட்டி' என்ற கணக்கு வருகிறது.

ஹெரிட்டபிலிட்டி என்றால் என்ன?

தமிழில் எளிதாக 'மரபுப் பங்கு' என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரே பண்ணையில் ஆயிரம் சிப்பி இருக்கிறது. எல்லாம் ஒரே வயது. ஆனால் ஒன்று 45 மி.மீ, இன்னொன்று 62 மி.மீ. இந்த வித்தியாசம் ஏன் வந்தது? இரண்டு காரணம் இருக்க முடியும்.

ஒன்று, பிறப்பிலேயே வந்தது. அப்பா அம்மாவிடம் இருந்து கிடைத்த மரபணு.

இரண்டு, வளர்ந்த இடம். கூண்டின் ஓரத்தில் இருந்த சிப்பிக்கு நீரோட்டம் நன்றாகக் கிடைத்திருக்கும், நிறைய தீனி வந்திருக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட சிப்பிக்கு அது கிடைத்திருக்காது. ஒன்றின் மேல் பாசியும் கொட்டலசும் ஒட்டியிருக்கும். இன்னொன்று சுத்தமாக இருந்திருக்கும்.

மொத்த வித்தியாசத்தில் அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்படக்கூடிய பங்கு எவ்வளவு? அந்த எண்தான் மரபுப் பங்கு. அது 0-க்கும் 1-க்கும் நடுவில் இருக்கும். 0 என்றால், வித்தியாசத்தில் கடத்தக்கூடியது எதுவும் இல்லை. 1 என்றால், வித்தியாசம் அப்படியே பிள்ளைகளுக்குப் போகும். நிஜ உயிரினங்களில் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில்தான் வரும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு.

* பண்ணையில் உள்ள சிப்பிகளின் சராசரி அளவு 50 மி.மீ.
* அதில் பெரியவற்றைப் பார்த்துப் பெற்றோராக எடுக்கிறோம். அவற்றின் சராசரி 60 மி.மீ. அதாவது 10 மி.மீ அதிகம்.
* அவற்றின் குஞ்சுகளை அதே இடத்தில், அதே வயது வரை வளர்க்கிறோம். சராசரி 53 மி.மீ வருகிறது.

பெற்றோர் 10 மி.மீ முன்னால் நின்றார்கள். பிள்ளைகளுக்கு வந்தது 3 மி.மீ. மூன்றைப் பத்தால் வகுத்தால் 0.3. இதுதான் அந்தப் பண்ணையில், அந்த அளவுக்கான மரபுப் பங்கு.

மீதி 7 மி.மீ எங்கே போச்சு? அதில் பெரும்பகுதி அந்தப் பெற்றோருக்குக் கிடைத்த நல்ல இடம், நல்ல தீனி, அதிர்ஷ்டம். அதைப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்க முடியாது.

இதையே திருப்பிப் போட்டால் விவசாயிக்குத் தேவையான சூத்திரம் கிடைக்கும். பெற்றோர் எவ்வளவு முன்னால் இருக்கிறார்கள் என்பதை மரபுப் பங்கால் பெருக்கினால், அடுத்த தலைமுறையில் எவ்வளவு முன்னேற்றம் வரும் என்று தெரியும். மரபுப் பங்கு 0.05-தான் என்றால், அதே 10 மி.மீ பெரிய பெற்றோரை வைத்தாலும் கிடைக்கும் லாபம் அரை மி.மீ மட்டுமே. அந்தக் குணத்துக்காகப் பெற்றோரைப் பொறுக்கி எடுப்பதைவிட, கூண்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வதே மேல்.

இன்னொரு விஷயமும் கவனிக்கணும். தாயை மட்டும் பொறுக்கி எடுத்து, தந்தையைக் கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் லாபம் பாதியாகிவிடும். பெற்றோர் தேர்வு என்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

முத்துச்சிப்பியில் இதற்கே ஒரு தனிச் சிக்கல். வெளியே பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. பல சிப்பிகள் முதலில் ஆணாக முதிர்ந்து, பிறகு பெண்ணாக மாறும். அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாத்திரத்தில் வைத்து, விந்து விடுகிறதா முட்டை விடுகிறதா என்று பார்த்த பிறகுதான் யார் பெற்றோர் என்பதைக் குறித்து வைக்க முடியும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டால் குஞ்சு கிடைக்கும். ஆனால் யாருடைய குஞ்சு என்று தெரியாது.

எந்தக் குணம் எளிதாகக் கடத்தப்படும்?

எல்லாக் குணத்துக்கும் ஒரே மரபுப் பங்கு கிடையாது. விலங்குகளிலும் பயிர்களிலும் பொதுவாகப் பார்க்கும் போக்கு இதுதான்:

* நிறம், வடிவம், உடல் அளவு போன்றவை நடுத்தரம் முதல் அதிகம் வரை கடத்தப்படும்.
* உயிர் பிழைப்பது, குட்டி எண்ணிக்கை போன்றவற்றில் மரபுப் பங்கு குறைவு. அங்கே சூழலின் கை ஓங்கி இருக்கும்.

முத்துச்சிப்பியில் இதை முதலில் விரிவாகச் சோதித்தது ஜப்பான். நம்ம மன்னார் வளைகுடா சிப்பிக்கு நெருங்கிய உறவுதான் அங்கே வளர்க்கப்படும் 'அகோயா' சிப்பி. ஜப்பானிய விஞ்ஞானி கோஜி வாடா 1980களில், ஓட்டின் பருமனை வைத்துப் பெற்றோரைத் தேர்வு செய்து, தலைமுறைக்குத் தலைமுறை மாற்றம் வருவதைக் காட்டினார். பருமனான சிப்பியை ஏன் தேட வேண்டும்? உள்ளே பெரிய மணியை வைக்க இடம் இருக்கும். பெரிய மணி என்றால் பெரிய முத்து. ஓட்டின் உள்பக்கத்தில் மஞ்சள் குறைந்து வெள்ளையாக இருக்கும் வம்சங்களையும் ஜப்பானில் இப்படித்தான் பிரித்து எடுத்தார்கள்.

ஒரு முத்துக்கு இரண்டு சிப்பி!

இங்கே ஒரு ட்விஸ்ட் இருக்கிறது. மற்ற விலங்குகளில் இல்லாத ஒன்று.

வளர்ப்பு முத்து எப்படி உருவாகிறது என்று பாருங்கள். நன்னீர் மட்டியின் ஓட்டைக் கடைந்து செய்த சிறிய உருண்டை மணி ஒன்றை சிப்பியின் உடலுக்குள் வைப்பார்கள். மணி மட்டும் வைத்தால் முத்து ஆகாது. கூடவே இன்னொரு சிப்பியின் ஓட்டை ஒட்டியிருக்கும் மெல்லிய சதையில் இருந்து சில மி.மீ அளவுக்கு ஒரு துண்டை வெட்டி, மணியோடு ஒட்டி வைக்க வேண்டும். அந்தத் துண்டு வளர்ந்து மணியைச் சுற்றிப் பை மாதிரி மூடும். அந்தப் பைதான் அடுக்கடுக்காக முத்துப்பூச்சைப் பூசும்.

ஆக, ஒரு முத்துக்கு இரண்டு சிப்பி:

* சதைத் துண்டு கொடுக்கும் 'தானச் சிப்பி'. நிறத்துக்கும் பளபளப்புக்கும் பெரும்பாலும் இதன் மரபணுதான் பொறுப்பு.
* மணியைச் சுமந்து வளர்க்கும் 'வளர்ப்புத் தாய்ச் சிப்பி'. எவ்வளவு வேகமாகப் பூச்சு ஏறும், ஆபரேஷனைத் தாங்கிப் பிழைக்குமா என்பதில் இதன் பங்கு பெரிது.

இதைச் சோதிக்க வெள்ளி உதட்டுச் சிப்பி, கருப்பு உதட்டுச் சிப்பி என்ற இரண்டு வேறு இனங்களுக்கு நடுவே சதைத் துண்டை மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முத்தின் நிறம் துண்டு கொடுத்த இனத்தைப் போலவே வந்தது.

வாடகைத் தாய் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். சுமப்பது ஒருத்தி, சாயல் இன்னொருத்தியுடையது.

இதனால் பெற்றோர் தேர்வும் இரண்டு தடத்தில் போக வேண்டும். அழகான பூச்சுக்கு ஒரு வம்சம். உடல் வலுவுக்கும் வேக வளர்ச்சிக்கும் இன்னொரு வம்சம். இரண்டையும் ஒரே சிப்பியில் தேடிக்கொண்டு காலத்தைக் கடத்த வேண்டியதில்லை.

முத்தைப் பார்க்கும்போது தாய் உயிரோடு இல்லை!

அப்போ நல்ல முத்து கொடுத்த தானச் சிப்பியையே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக வைத்துவிடலாமே?

அதுதான் முடியாது. சதைத் துண்டு எடுக்க அந்தச் சிப்பியைத் திறந்து வெட்ட வேண்டும். வழக்கமான முறையில் அது அன்றே இறந்துவிடும். மணி வைத்த நாளில் இருந்து முத்து எடுக்க, மணியின் அளவைப் பொறுத்துச் சில மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை ஆகும். முத்தைக் கையில் வைத்து "ஆஹா, ஆணிமுத்து!" என்று சொல்லும்போது, அதற்குக் காரணமான சிப்பி எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. பால் மாட்டில் இதே கதைதான். காளை பால் கறக்காது. ஆனால் நல்ல காளையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதன் மகள்கள் எவ்வளவு கறக்கிறார்கள் என்று பார்த்து. சினை ஊசிக்குக் காளை தேர்வு செய்வது இப்படித்தான்.

சிப்பியில் உடன்பிறப்புகளைப் பார்க்கலாம். ஒரே பெற்றோருக்குப் பிறந்த ஆயிரக்கணக்கான குஞ்சுகளில் சிலவற்றைத் தானச் சிப்பியாகப் பயன்படுத்தி முத்து எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தக் குடும்பத்து முத்து நன்றாக இருந்தால், உயிரோடு இருக்கும் அண்ணன் தம்பி, அக்கா தங்கைச் சிப்பிகளை அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக வைக்கலாம். இதற்குத்தான் எந்தக் குஞ்சு எந்தக் குடும்பம் என்ற கணக்குப் புத்தகம் மிக முக்கியம். புத்தகம் இல்லையென்றால் தேர்வும் இல்லை.

காலத்தையும் கணக்குப் போடுங்க. மணி வைக்கும் அளவுக்குச் சிப்பி வளர ஒரு வருடத்துக்கு மேல். முத்து எடுக்க இன்னும் சில மாதமோ, ஒரு வருடமோ. முத்தின் தரத்தை வைத்து ஒரு சுற்றுத் தேர்வு முடிக்கவே இரண்டு, மூன்று வருடம் ஓடிவிடும். ஐந்து தலைமுறை என்றால் பத்து வருடத்துக்கும் மேல். ஒரு ப்ராஜெக்ட் மூன்று வருடத்தில் முடிந்து, சிப்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனால், எல்லாம் முதலில் இருந்து.

ஸ்ட்ராபெரிக்கு உள்ள வசதி சிப்பிக்கு இல்லை

கொடைக்கானல், மகாபலேஷ்வர் போனால் ஸ்ட்ராபெரி சாப்பிட்டிருப்பீர்கள். அங்கேயும் இதே தேர்வு வேலைதான். மகசூல் வேண்டும், இனிப்பு வேண்டும், வண்டியில் போனாலும் நசுங்காத பழம் வேண்டும். அதற்காக நல்ல செடிகளைப் பெற்றோராக வைத்துக் கலக்கிறார்கள்.

ஆனால் ஸ்ட்ராபெரிக்கு ஒரு பெரிய வசதி. ஆயிரம் நாற்றில் ஒன்று அருமையாக அமைந்துவிட்டால் போதும். அந்தச் செடி தரையில் ஓடவிடும் தண்டில் இருந்து அதே மாதிரி எத்தனை செடி வேண்டுமானாலும் எடுக்கலாம். அச்சு அசல் நகல். கிடைத்த நல்ல சேர்க்கை கலைந்து போகாது.

சிப்பியில் அப்படி இல்லை. எவ்வளவு நல்ல சிப்பியாக இருந்தாலும் அடுத்த தலைமுறையில் சீட்டுக்கட்டை மறுபடியும் கலைத்துப் போடுவது மாதிரிதான். அதனால் ஒரு ஸ்டார் சிப்பியைத் தேடுவதைவிட, மொத்தக் கூட்டத்தின் சராசரியைத் தலைமுறைக்குத் தலைமுறை கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவதுதான் வழி. அதற்குத்தான் மரபுப் பங்கு தெரிய வேண்டும்.

மூன்று தவறான புரிதல்கள்

1. "மரபுப் பங்கு 0.3 என்றால், ஒரு சிப்பியின் அளவில் 30 சதவீதம் மரபணு."
இல்லை. ஒரு தனிச் சிப்பியைப் பற்றி இந்த எண் எதுவும் சொல்லாது. ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றித்தான் பேசுகிறது.

2. "ஜப்பானில் வந்த எண்ணை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளலாம்."
முடியாது. கூட்டம் மாறினால் எண் மாறும், கடல் மாறினாலும் மாறும். ஜப்பானில் குளிர்காலத்தில் தண்ணீர் குளிரும்போது பூச்சு மெதுவாகவும் மெல்லிய அடுக்காகவும் படிந்து பளபளப்பு கூடும். அதனால்தான் அங்கே குளிர்காலத்தில் முத்து எடுப்பார்கள். நம்ம கடல் வருடம் முழுக்க வெதுவெதுப்பு. இங்கே பூச்சு வேகமாக ஏறும். இரண்டும் வேறு சூழல். தூத்துக்குடி துறைமுகத்தின் அலை தடுப்புச் சுவருக்குள் அமைதியான நீரில் முதலிடம் பிடித்த குடும்பம், அலையடிக்கும் திறந்த கடலில் பின்தங்கலாம். எங்கே பண்ணை போடப் போகிறோமோ அங்கேயே அளக்க வேண்டும்.

3. "மரபுப் பங்கு குறைவு என்றால் அந்தக் குணத்தை மாற்றவே முடியாது."
பெற்றோர் தேர்வால் மெதுவாகத்தான் மாறும். ஆனால் பராமரிப்பால் வேகமாக மாற்றலாம். ஓட்டைத் துளைக்கும் கடற்பஞ்சையும் புழுவையும் நேரத்துக்குச் சுத்தம் செய்தால் பிழைக்கும் சிப்பி கூடும். அதற்கு எந்த மரபணுவும் தேவையில்லை.

50 தாய், 1 தந்தை... மொத்தம் எத்தனை பேர்?

நல்ல சிப்பி கிடைத்துவிட்டது, அதை மட்டும் வைத்தே எல்லாக் குஞ்சையும் எடுத்துவிடலாம் என்று தோன்றும். ஒரு தாயே லட்சக்கணக்கில் முட்டை போடும்போது எதற்கு நிறைய பேர்?

இங்கேதான் ஆபத்து. மரபியலில் ஒரு எளிய கணக்கு உண்டு. 50 பெண் சிப்பியையும் 1 ஆண் சிப்பியையும் வைத்துக் குஞ்சு எடுத்தால், மரபு வகையில் அது வெறும் 4 பெற்றோர் வைத்ததற்குச் சமம். ஏனென்றால் எல்லாக் குஞ்சுக்கும் அப்பா ஒருவர்தான். அதே 50 சிப்பியை 25 ஆண், 25 பெண் என்று சமமாக வைத்தால், எல்லோரும் சம பங்கு கொடுக்கும்போது 50 பெற்றோருக்குச் சமம்.

முதல் வகையில் ஒவ்வொரு தலைமுறையிலும் மரபு வகைமையில் சுமார் 12 சதவீதம் தொலைந்துகொண்டே போகும். இரண்டாவது வகையில் சுமார் 1 சதவீதம் மட்டும். நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்துகொண்டே போனால் வளர்ச்சி குறையும், நோய் தாங்காது. தேர்வால் சம்பாதித்ததை உறவுக் கலப்பால் இழப்போம்.

ரோகு மீனில் இந்தியா இதைச் சரியாகச் செய்திருக்கிறது. புவனேஸ்வரில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், நார்வே நாட்டு நிபுணர்களுடன் 1992-ல் தேர்வுத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஒரே பண்ணை மீனை நம்பவில்லை. பல ஆறுகளில் இருந்து ரோகுவைக் கொண்டு வந்து கலந்தார்கள். அதில் உருவானதுதான் 'ஜெயந்தி ரோகு'. ஒரு தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீதம் வரை வளர்ச்சி கூடியது. அடித்தளம் அகலமாக இருந்ததும், குடும்பக் கணக்கு ஒழுங்காக இருந்ததும்தான் காரணம்.

பெற்றோர் யார் கையில் இருக்கிறார்களோ...

இது ஏதோ ஆராய்ச்சிக்கூட விஷயம் என்று நினைக்க வேண்டாம். பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது, வனாமி இறால்.

2009-ல் இந்தியாவில் வனாமிக்கு அனுமதி கிடைத்த பிறகு இறால் உற்பத்தி எங்கேயோ போய்விட்டது. ஆனால் அந்தத் தாய் இறால்கள் வெளிநாட்டில் இருந்துதான் விமானத்தில் வருகின்றன. தலைமுறை தலைமுறையாகத் தேர்வு செய்த வேலை அங்கே நடக்கிறது. நாம் ஒவ்வொரு முறையும் அதற்குக் காசு கொடுத்து வாங்குகிறோம். வளர்ப்பது நம்ம குளம், விற்பது நம்ம ஆள், ஆனால் வம்சத்தின் சாவி வேறொருவர் கையில்.

முத்துச்சிப்பியில் அந்த நிலை இன்னும் வரவில்லை. மன்னார் வளைகுடாவின் பார்களில் நம்ம சொந்த இனமே இருக்கிறது. ஹேச்சரி நுட்பமும் இங்கேயே பிறந்தது. இந்த இனத்தின் மரபணு வரிசையின் வரைவையும் ஜப்பான் விஞ்ஞானிகள் 2012-லேயே வெளியிட்டுவிட்டார்கள். அடித்தளம் தயார். இன்னும் தேவைப்படுவது, பத்து வருடத்துக்கு மேல் விடாமல் குடும்பக் கணக்கு வைத்துத் தேர்வு செய்யும் பொறுமை.

ஜப்பானும் ஒரு பாடம் சொல்கிறது. 1990களின் நடுவில் அங்கே அகோயா சிப்பிகள் நோயால் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அழகான முத்துக்காக மட்டும் வளர்த்த சிப்பி போதாது என்று புரிந்து, நோயைத் தாங்கும் வெளிச் சிப்பிகளோடு கலந்தார்கள். தரம் மட்டும் பார்த்தால் உயிர் போகும், உயிர் மட்டும் பார்த்தால் தரம் போகும். இரண்டுக்கும் சேர்த்து மதிப்பெண் போட்டுத்தான் பெற்றோரைத் தேர்வு செய்ய வேண்டும்.

கடலில் விடும் குஞ்சுக்கும் இதே விதியா?

இல்லை. அதற்கு நேர் எதிரான விதி.

1980களின் நடுவில் இருந்து, ஹேச்சரியில் பிறந்த இளம் சிப்பிகளைப் பார்களில் கொண்டுபோய் விடும் முயற்சிகளும் தூத்துக்குடியில் நடந்தன. காலியான பாரை மறுபடியும் நிரப்புவதுதான் நோக்கம்.

பண்ணைக்கு என்றால் பொறுக்கி எடுத்த சில குடும்பங்கள் போதும். ஆனால் கடலில் விடுவதற்குப் பொறுக்கவே கூடாது. அந்தக் கடலிலேயே பிடித்த நிறைய பெற்றோர், எல்லா வகையும் கலந்து இருக்க வேண்டும். நாலு பெற்றோரின் லட்சம் குஞ்சுகளைக் கொண்டுபோய்க் கொட்டினால் எண்ணிக்கை கூடும். ஆனால் பார் முழுக்க ஒரே குடும்பம் ஆகிவிடும். ஒரு நோய் வந்தால் மொத்தமும் போகும். பண்ணைச் சிப்பியும் கடலில் விடும் சிப்பியும் தனித்தனிக் கணக்கில் இருக்க வேண்டியது இதனால்தான்.

'வீட்டுத் தொட்டியில் முத்து, மாதம் லட்சம்' விளம்பரம் பார்த்தீங்களா?

செல்போனில் இப்படி வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் காட்டுவது கடல் முத்துச்சிப்பி அல்ல, குளத்திலும் ஆற்றிலும் கிடைக்கும் நன்னீர் மட்டி. அது வேறு இனம், முத்தும் வேறு, விலையும் வேறு.

பணம் கட்டுவதற்கு முன் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

* சிப்பி எங்கே இருந்து வருகிறது? குளத்தில் பொறுக்கியதா, ஹேச்சரியில் பிறந்ததா?
* பொறுக்கியது என்றால், 'உயர் ரகம்' என்று எந்த அடிப்படையில் சொல்கிறீர்கள்? பெற்றோர் யார் என்றே தெரியாத சிப்பிக்கு ரகம் கிடையாது.
* காட்டும் முத்து பண்ணையின் சராசரியா, ஆயிரத்தில் சிறந்த ஒன்றா? மேலே போட்ட கணக்கை நினைவில் வையுங்கள். சிறந்த ஒன்றைக் காட்டி சராசரிக்கு உறுதி தர முடியாது.
* நூறு சிப்பிக்கு மணி வைத்தால் எத்தனை பிழைக்கும், அதில் எத்தனை விற்கிற தரத்தில் வரும்? எழுத்தில் தருவீர்களா?

பதில் சுற்றி வளைத்து வந்தால், நீங்களும் சுற்றி வளைத்துக் கிளம்பிவிடலாம்.

சுருக்கமாக...

* தாயைப் போல பிள்ளை என்பது பாதி உண்மை. எவ்வளவு உண்மை என்பதைச் சொல்லும் எண்தான் மரபுப் பங்கு.
* பெரிய சிப்பி, அழகான சிப்பி என்று கண்ணால் பார்த்து எடுத்தால் போதாது. அதன் குடும்பமும் பிள்ளைகளும் எப்படி என்று பார்த்துத்தான் பெற்றோராக எடுக்க வேண்டும்.
* ஒரு முத்துக்கு இரண்டு சிப்பி. அழகுக்கு ஒரு வம்சம், வலுவுக்கு ஒரு வம்சம்.
* பெற்றோர் எண்ணிக்கையைக் குறைத்தால் இன்றைய லாபம் நாளைய நஷ்டம்.

இந்தக் கடலின் முத்துக்கு ஒரு காலத்தில் உலகம் முழுக்க விலை இருந்தது. அன்று சிப்பியைத் தேர்ந்தெடுத்தது கடல். ஹேச்சரி வந்த பிறகு அந்தப் பொறுப்பு மனிதன் கைக்கு வந்து 40 ஆண்டுகள் தாண்டிவிட்டது. இனி முத்து நகரில் முத்து விளையுமா என்பது, அந்தத் தேர்வை எத்தனை தலைமுறைச் சிப்பிகளுக்கு விடாமல் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.